நினைவும் வினைமுற்றும்

ஹனூர் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு நினைவு என்பது பொழுதுபோக்கன்று. அது முன்னோர் விட்டுச்சென்ற உடைமை. இவ்வூர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. குடிபெயர்ந்து வந்தோர் பலர். தாம் பெயராமலே, எல்லை பெயரக் கண்டோரும் உளர். முன்னவர் 'வந்தோம்' என்பர். பின்னவர் 'இருந்தோம்' என்பர். ஒரு வினைமுற்றில் ஒரு குடியின் வரலாறே அடங்கிவிடுகிறது. இக்கண்கொண்டு இரு நாவல்களை நோக்குவோம்.

ஜெர்மானிய எழுத்தாளர் கிறிஸ்டா வுல்ஃப், நாஜி ஆட்சியில் கழிந்த தம் இளமையை 1976இல் நாவலாக்கினார். அதில் அன்றைய சிறுமி 'அவள்', பெயர் நெல்லி. இன்று எழுதுபவரோ 'நீ'. கதைசொல்லி தம்மை 'நான்' என்று சுட்டுவது நூலின் இறுதியில்தான். அக்கொடிய ஆட்சியை நம்பி வளர்ந்த குழந்தையை 'நான்' என ஏற்க அவர் நா எழவில்லை.

அடுத்த ஆண்டே, 1977இல், அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' வெளிவந்தது. களம் 1948ஐ ஒட்டிய செகந்திராபாத். அங்கும் கதை 'நான்' என்று நடந்து, 'சந்திரசேகரன்' என்று விலகி, மீண்டும் 'நான்' ஆகிறது. கலவரத்தினிடையே அவன் ஒரு வீட்டினுள் நுழைய, தன் குடும்பத்தைக் காக்கத் தன்னையே ஈயத் துணிகிறாள் ஓர் இளம்பெண். அவன் நாணி வெளியே ஓடுகிறான். இத்தகைய வெட்கத்தைத் தன்மையில் மட்டும் சொன்னால் தன்னிரக்கமாகும். படர்க்கையில் மட்டும் சொன்னால் தப்பித்தலாகும்.

ஜெர்மன் மொழியின் இறந்தகால வினை, ஒருமையில் தன்மைக்கும் படர்க்கைக்கும் ஒரே வடிவினது. இடத்தைக் காட்டுவது எழுவாய் ஒன்றே. தமிழிலோ விகுதியே இடத்தைக் காட்டிவிடும். 'ஓடினேன்', 'ஓடினான்' என ஒவ்வொரு வினையிலும் ஆசிரியர் தம் பொறுப்பை ஏற்கவோ துறக்கவோ வேண்டியவராகிறார். வுல்ஃப் தம் முறையை நூலினுள்ளேயே ஆராய்ந்து விளக்குகிறார், அசோகமித்திரன் விளக்குவதேயில்லை. அம்மௌனத்தைக் கவனப்பிசகு எனக் கொள்வோர் நாவலின் உயிரையே தவறவிடுவர்.

தமிழுக்கு மற்றுமொரு செல்வம் உண்டு. கேட்போரை விலக்குவது 'நாங்கள்'. அவரையும் சேர்ப்பது 'நாம்'. ஜெர்மனில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல். நம் மக்களுக்குப் பழங்கதை சொல்லும்போது 'நாங்கள் வந்தோம்' என்று சொல்லி நிறுத்தினால், அக்கதை நம்மோடு முடிந்துவிடும். பெருமையோடு பிழையையும் சேர்த்து 'நாம்' என்று சொல்லப் பழகுவோமாக.