கடைமடையில் நின்று ஆங்கில அரசியலை வாசிப்பது

மார்க்கையன்கோட்டை வயல்காட்டில் தண்ணீர்ப் பேச்சு இல்லாத நாள் கிடையாது. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப்பெரியாற்றை நம்பி இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். ஆங்கில அரசியல் உருவகங்களை வாசிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

'ரைவல்' என்பதை எதிராளி என்று பெயர்க்கிறோம். அதன் லத்தீன் வேர் ஓடையைக் குறிப்பது. ஒரே ஓடையில் நீர் எடுப்பவன் என்பதே முதற்பொருள். நம்மிடம் அதற்குப் பங்காளி என்ற சொல் உண்டு: பங்கு இருப்பதாலேயே சண்டையும் உண்டு. 'வாட்டர்ஷெட்' தேர்தல் என்றால் நாளிதழ்கள் 'திருப்புமுனை' என்று போட்டுவிடுகின்றன. மூலச்சொல்லோ மழைநீர் இருபுறமும் பிரியும் மலைமுகட்டைச் சொல்கிறது. மேற்கே ஓடிய ஆற்றை 1895-இல் அப்படியொரு முகட்டைக் குடைந்துதான் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். 'ட்ரிக்கிள் டவுன்' பொருளாதாரத்துக்கு உரையே வேண்டாம். மேல்மடை வயல் நிறைந்த பிறகு கடைமடைக்கு எவ்வளவு கசியும் என்பது சம்சாரிக்குத் தெரியும்.

நிலம் மாறும்போதுதான் தடுமாறுகிறோம். 'விப்' நமக்குக் கொறடா. சாட்டை என்ற பொருள் வந்துவிட்டது; சாட்டையைப் பிடித்தவன் வரவில்லை. இங்கிலாந்து நரிவேட்டையில் கூட்டம் கலைந்த வேட்டைநாய்களை ஒன்றுசேர்ப்பவனின் பெயர் அது. அப்படியானால் உறுப்பினர்கள் யார் என்று கேட்காமல் விடுவது அவைக்கு நல்லது.

அரசியல் உருவகங்களைப் பற்றிப் பேசியவர்களில் ஜார்ஜ் ஆர்வெல் (1946) கோபக்காரர். கோட்டில் கால்விரலை ஒட்டி நிற்பதைக் குறிக்கும் 'டோ தி லைன்' என்ற தொடரை, கயிறு கட்டி இழுப்பதாக எழுத்து மாற்றி எழுதுகிறவர்களைச் சாடினார். படம் மனத்தில் இல்லாமல் சொல் மட்டும் ஓடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. லேகாஃபும் ஜான்சனும் 1980-இல் உருவகம் பேச்சின் நகையல்ல, நினைப்பின் வழி என்றார்கள். சார்ட்டரிஸ்-பிளாக் 2005-இல் தலைவர்களின் உரைகளில் உருவகம் எப்படி இணங்கவைக்கிறது என்று ஆராய்ந்தார். இவர்கள் எல்லாரையும்விட இங்கே எனக்கு உதவுபவர் தொல்காப்பியர். உள்ளுறை உவமத்துக்குக் களம் நிலத்தின் கருப்பொருள், தெய்வம் நீங்கலாக என்கிறார். முதலில் திணையைக் கண்டுபிடி, பிறகு பொருள் கொள் என்று அதை நான் வாசிக்கிறேன். நரிவேட்டைக்கு நம்மிடம் திணை இல்லை.

திணை தெரிந்தும் பொருள் ஒன்றாகாத இடமும் உண்டு. 2011-இல் கேரள அரசியல் மேடைகளிலும் ஆங்கில ஏடுகளிலும் முல்லைப்பெரியாறு அணை 'வாட்டர் பாம்' ஆனது. மலைக்கு அந்தப் பக்கம் அணைக்குக் கீழே குடியிருப்பவரின் அச்சம் பொய்யல்ல. ஆனால் அந்தத் தண்ணீரில் நாற்றுப் பாவுகிறவருக்கு அது தன் சோற்றைக் குண்டு என்று சொன்னதுபோல இருந்தது. அந்த டிசம்பரில் பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் கேரள எல்லையிலுள்ள குமுளியை நோக்கி எதிர்ப்புத் தெரிவித்து நடந்தார்கள். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அணை பாதுகாப்பானது என்று கூறி, 142 அடி வரை தேக்க அனுமதித்தது. 'வாட்டர் பாம்' என்ற சொல் மட்டும் மழை வலுக்கும்போதெல்லாம் மறுபடி தலைகாட்டுகிறது.