வோக்வியில் ஓடியது, போர்டில் ஓடுமா?

ஒரு ரூபாய் செலவில்லாமல், டிரைவர் எதுவும் நிறுவாமல் மைக்ரோகன்ட்ரோலரின் சீரியல் தொடர்பைப் பழக நினைப்பவருக்கு வோக்வி என்ற சிமுலேட்டர் நல்ல இடம். பிரவுசரில் ஆர்டுயினோ ஊனோவைத் தேர்ந்தெடுத்து நிரலை ஓடவிட்டால், போர்டு முதல் வரியை அனுப்பியதுமே சீரியல் மானிட்டர் தானாகத் திறந்துகொள்கிறது. இது வெறும் பொம்மைப் படமும் அல்ல. யூரி ஷாகேட் உருவாக்கிய ஏவிஆர்8ஜேஎஸ் என்ற திறமூல எஞ்சின், ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டுகிறது.

அதனால் நேரக் கணக்கிலும் வோக்வி ஏமாற்றுவதில்லை. 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட் பிட், எட்டு டேட்டா பிட், ஸ்டாப் பிட் என்று 10 பிட் செலவாகும். நொடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். ஊனோவின் அனுப்பும் பஃபரில் 64 பைட்டுக்குத்தான் இடம். 200 எழுத்துள்ள வரியை ஒரே மூச்சில் அனுப்பச் சொன்னால், பஃபர் நிரம்பியதும் நிரல் சுமார் 140 மில்லிநொடி அங்கேயே நின்றுவிடும். அந்த இடைவெளியில் அழுத்தி விட்ட பட்டன் கணக்கில் வராமலே போகலாம். இந்தத் திணறலை வோக்வியிலேயே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இந்த ஒன்றுக்காகவே இதைப் பாராட்டலாம்.

ஆனால் அதன் மானிட்டரில் பாட் ரேட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. நிரலில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் எழுத்துகள் சுத்தமாக வந்து விழுகின்றன. நிஜ போர்டில் அப்படி நடக்காது. நிரலில் 115200 என்றும் கணினியின் மானிட்டரில் 9600 என்றும் இருந்தால் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள்தான். சிமுலேட்டரில் மட்டும் பழகியவர் உடனே தன் நிரலைத்தான் சந்தேகிப்பார்.

115200 என்பதே ஊனோவில் சரியாக வராத வேகம். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்துத்தான் பாட் ரேட்டைப் பெற முடியும். அப்படி வகுக்கும்போது கிடைப்பது சுமார் 117647. அதாவது 2.1 சதவீதம் கூடுதல். அசல் ஊனோ ஆர்3-இல் யூஎஸ்பியைக் கவனிக்கும் ஏடிமெகா16யூ2 சிப்பும் அதே 16 மெகாஹெர்ட்ஸில் ஓடி அதே அளவு பிசகுவதால், இரண்டும் பேசிக்கொள்வதில் சிக்கல் வருவதில்லை. துல்லியமாக 115200-இல் பேசும் இன்னொரு கருவியை இணைத்தால்தான் பிசகு வெளியே வரும். அது டேட்டாஷீட் பரிந்துரைக்கும் வரம்பைத் தாண்டியது. 9600-இலோ பிழை 0.2 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. நீண்ட வயரில் புதிய சென்சாரை முதன்முதலாக இணைப்பவர் 9600-இல் தொடங்குவதே நல்லது.

சிமுலேட்டரில் கண்ணுக்குப் படாதவை இன்னும் உண்டு. நிஜ ஊனோவில் மானிட்டரைத் திறந்தாலே போர்டு ரீசெட் ஆகும். டிடிஆர் இணைப்பிலிருந்து 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட் பின்னுக்கு ஒரு துடிப்பு போவதே காரணம். 0, 1 பின்களை யூஎஸ்பியும் பயன்படுத்துவதால், அங்கே ஹெச்சி-05 புளூடூத் மாட்யூலை மாட்டியபடியே நிரலை ஏற்றினால் அப்லோட் பெரும்பாலும் தோற்கும். அந்த மாட்யூலின் ஆர்எக்ஸ் பின் 3.3 வோல்ட்டுக்கானது, ஊனோ தருவதோ 5 வோல்ட். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டின் கிரவுண்டையும் இணைக்க மறந்தால் எந்த நிரலும் உதவாது.

வயரில் என்ன போகிறது என்று பார்க்க விரும்புபவர், எட்டு சானல் யூஎஸ்பி லாஜிக் அனலைசர் ஒன்றை வாங்கி பல்ஸ்வியூ மென்பொருளுடன் பயன்படுத்தலாம். 9600-இல் ஆங்கிலப் பெரிய ‘யூ’ எழுத்தை அனுப்பிப் பார்த்தால், கோடு 104 மைக்ரோநொடிக்கு ஒரு முறை கீழும் மேலுமாக ஒரே சீராக மாறும். ஒரு துடிப்பின் அகலத்தை அளந்தாலே போர்டின் உண்மையான வேகம் தெரிந்துவிடும்.

இரண்டு ஊனோக்களை ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டுமானால் டிங்கர்கேட் சர்க்யூட்ஸ் என்ற இன்னொரு சிமுலேட்டர் வசதி. போர்டு வாங்குபவர்கள் 2023-இல் வந்த ஊனோ ஆர்4-ஐயும் பரிசீலிக்கலாம். அதில் யூஎஸ்பிக்குத் தனி வழி, 0, 1 பின்களுக்குத் தனி வழி. புளூடூத்தைக் கழற்றாமலே நிரலை ஏற்றலாம். அந்தப் பின்களில் பேசும் பழைய நிரல்களில் மட்டும் ‘சீரியல்’ என்பதை ‘சீரியல்1’ என்று மாற்ற வேண்டும்.