சம்மதம் முதலில், காகிதம் பிறகு

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் என்றால் தமிழர் பேட்டை. ராஷ்பிஹாரி அவென்யூவில் கோமள விலாஸ், ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம், கட்டிய மல்லிகை, வாழையிலை, முருங்கைக்காய், காப்பிப் பொடி என்று நீளும் இந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வேலைக் கதை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் பாலக்காட்டிலும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற பையன்கள் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் வேலை பார்க்க இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களை வரவழைத்தது பெரும்பாலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ எழுதிய கார்டுதான். ஓர் இடம் காலியாக இருக்கிறது, உடனே புறப்பட்டு வா என்ற அளவில் அதில் செய்தி இருக்கும். சம்பளம், வேலை நேரம், லீவு எல்லாம் ஹௌராவில் இறங்கிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டியவை. அதே கம்பெனியில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஆங்கிலேய உதவியாளரோ, கப்பல் ஏறும் முன்பே எத்தனை ஆண்டு, என்ன சம்பளம், ஊருக்குப் போக எப்போது விடுப்பு என்று எழுதி வாங்கிக் கையெழுத்துப் போட்டவர்.

மாமாவின் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஏமாற்றினால் ஊரில் முகம் காட்ட முடியாது. இன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது பெயர் மட்டும் தெரிந்த ஒரு ஹெச்.ஆர். குரல். "வாழ்த்துகள் சார், நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள கன்ஃபர்ம் பண்ணிடுங்க" என்கிறது. லேக் மார்க்கெட் குடும்பத்துப் பிள்ளை சால்ட் லேக் செக்டர் ஃபைவிலோ பெங்களூரிலோ வேலை தேடினாலும் சரி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை கொழும்பில் தேடினாலும் சரி, ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே சரி என்று சொல்லச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சம்மதத்துக்கு இரண்டு நாட்டிலும் ஒரே விலை இல்லை.

இந்தியாவில் வேலைக் காகிதம் இரண்டாக உடைந்துவிட்டது. முதலில் வருவது ஆஃபர் லெட்டர். அதில் பதவி, சேரும் தேதி, சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்ற ஒரு பெரிய தொகை. நோட்டீஸ் பீரியட், பாண்டு, ஊர் மாற்றம், வெளியே வேறு வேலை செய்யத் தடை போன்றவை பல இடங்களில் சேரும் நாளன்று நீட்டப்படும் அப்பாயிண்ட்மெண்ட் லெட்டரில்தான் முழுமையாக வரும். அதற்குள் பழைய இடத்தில் பேப்பர் போட்டு, 60 அல்லது 90 நாள் நோட்டீஸையும் முடித்திருப்பார் வேலை மாறுபவர்.

ஆண்டுக்கு 6 லட்சம் என்று ஓர் ஆஃபர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50,000 என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால், நிறுவனம் கட்டும் பி.எஃப். 3,000, கிராஜுவிட்டிக்கென ஒதுக்கும் சுமார் 1,200, வேரியபிள் என்று நிறுத்திவைக்கும் 10 சதவீதமான 5,000, காப்பீட்டுக்கு 500 என்று எல்லாம் அந்த 50,000-க்குள்ளேயே இருக்கும். மிச்சத்தில் ஊழியர் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000 போகும். மேற்கு வங்கத்தில் தொழில் வரி 200 போகும். கையில் வருவது 37,000 சொச்சம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கைச் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சி.டி.சி. என்ற ஏற்பாடு அந்தப் பங்கை முன்கூட்டியே விலைக்குள் சேர்த்துவிடுவதால் பிடித்தம் என்றே அது கணக்கில் வராது.

கொழும்பில் பேச்சு வேறு மாதிரி. ஞாயிறு பத்திரிகையிலோ டாப்ஜொப்ஸ் தளத்திலோ விளம்பரம் பார்த்துப் போனவரிடம் மாதத் தொகையாகத்தான் சொல்வார்கள். அடிப்படை 1,00,000, கொடுப்பனவு 50,000 என்றால், நிறுவனம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டும் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கட்டும் 3 சதவீதமும் அதற்கு மேல் போடுவது என்பதே வழக்கம். ஊழியரிடம் பிடிப்பது 8 சதவீதம். ஆகவே கையில் வரும் தொகையில் பெரிய அதிர்ச்சி இருக்காது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, அடிப்படை எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்பதுதான். அடிப்படையைக் குறைத்துக் கொடுப்பனவை ஏற்றினால் சேமலாப நிதியும் ஐந்து ஆண்டு கழித்து வரும் பணிக்கொடையும் மெலிந்துபோகும். தொலைபேசியில் மொத்தத் தொகையைக் கேட்டுச் சந்தோஷப்படுபவருக்கு இது தெரிய வழியில்லை.

கடிதம் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தில் இலங்கை வெகுவாக முந்திக்கொண்டது. 1954-இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம், பதவி, சம்பளம், தகுதிகாண் காலம், வேலை நேரம், விடுமுறை, மேலதிக நேரக் கொடுப்பனவு, வேலையை முடித்துக்கொள்ளும் நிபந்தனை ஆகியவற்றை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. இந்தியாவில் மாநிலச் சட்டங்களும் நிலையாணைகளும் அங்கங்கே பேசினாலும், எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் என்ற பொதுக் கட்டாயம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடுதான் வந்தது. இரண்டு சட்டமும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. கடிதம் வேலைக்குச் சேரும்போது கைக்கு வந்தால் போதும் என்கின்றன. மனிதன் முடிவெடுப்பது அதற்குப் பல வாரம் முன்னால். பழைய வேலை போய், புதிய காகிதம் வராத அந்த இடைவெளியில் அவனுக்குத் துணை நிற்க இரு நாட்டிலும் சட்டம் அநேகமாக இல்லை.

2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் முடித்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சேர விருப்பமா என்று கேட்டது. ஆஃபர் லெட்டர் கையில் இருந்தவர்களுக்கே இதுதான் கதி. வெறும் குரலை நம்பியவர் எதைக் காட்டி வழக்காடுவார்?

சேர்ந்த பிறகு நிலை மாறுகிறது. இலங்கையில் 1971-இன் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நீக்க வேண்டுமானால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அதிகாரி, எழுதுவினைஞர் என்ற வேற்றுமை பெரிதாக இல்லை. இந்தியச் சட்டம் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரைத்தான் தாங்கும். மேலாளர் பதவியில் இருப்பவருக்கு அநேகமாக அந்த நியமனக் கடிதமே சட்டம். அதில் ஒரு மாத நோட்டீஸ் என்றால் ஒரு மாதத்தில் வெளியே. ஆகவே படிக்காமல் சரி சொல்வது இந்தியாவில்தான் அதிக ஆபத்து என்பது என் கணிப்பு. ஒரே ஒரு விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. வேலையை விட்ட பிறகும் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையை 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு, செல்லாததாக்குகிறது. ரோமன்-டச்சு சட்டத்தைப் பின்பற்றும் இலங்கையில் அது நியாயமான அளவில் இருந்தால் செல்லக்கூடும். கொழும்பில் அந்த ஒரு பத்தியை இரண்டு தடவை படிப்பது நல்லது. பாண்டு விஷயத்தில் இந்தியரும் அலட்சியமாக இருக்க முடியாது. மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிபந்தனை ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே இருந்தது.

முன்கூட்டிக் காகிதம் பார்க்கும் வழக்கம் கடல் தாண்டுவோருக்கு மட்டும் எப்போதோ வந்துவிட்டது. 1834-இல் கல்கத்தாவிலிருந்து அட்லஸ் கப்பலில் மொரீசியஸ் போன 36 பேருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் இருந்தது. அது அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. அதன் பின் அந்த முறையில் போனவர்களுக்கு ஒப்பந்த மீறல் சிறைக்குரிய குற்றமாக இருந்தது. இலங்கைத் தோட்டத்துக்குப் போன நம்மவருக்கோ ஒப்பந்தமே இல்லை, ஆள் சேர்க்கும் கங்காணியின் வாய்ச்சொல்லும் முற்பணமும்தான். 1921-இல் ஒழிக்கப்படும் வரை அவர்களைப் பிடித்துவைத்திருந்த காகிதம் துண்டு. அடுத்த தோட்டத்துக்காரர் அடைக்க வேண்டிய கடனைச் சொல்லும் சீட்டு அது. இன்று வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறவரின் ஒப்பந்தத்தை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும், குடியேற்ற அனுமதி தேவைப்படும் இந்தியரின் ஒப்பந்தத்தை இந்தியக் குடியேற்றப் பாதுகாவலரும் புறப்படும் முன் பார்க்கிறார்கள். பாதுகாவலர் அலுவலகம் ஒன்று கொல்கத்தாவிலேயே இருக்கிறது. உள்ளூரில் சேர்பவருக்கு மட்டும் இது ஏன் வேண்டாமாம்?

அனுபவமுள்ளவர் தானே கேட்டுக்கொள்ளலாம். வேலையில் விருப்பம் உண்டு, நியமனக் கடிதத்தின் வரைவை அனுப்புங்கள், படித்துவிட்டு உறுதி சொல்கிறேன், அதன் பிறகே ராஜினாமா கொடுப்பேன் என்று மின்னஞ்சலில் நாலு வரி எழுதினால் எந்த நல்ல நிறுவனமும் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால் அதையும் ராஜினாமாவுக்கு முன்பே தெரிந்துகொண்டதாயிற்று. கல்லூரியிலிருந்து நேராகப் போகும் பிள்ளையால் அப்படிக் கேட்க முடியாது. ஒரு ஆஃபரை ஏற்றுக்கொண்டதும் மற்ற நேர்முகங்களுக்கு அனுப்பமாட்டோம் என்பது பல இந்தியக் கல்லூரிகளின் விதி. சரி என்று சொல்ல வைக்கிற பிளேஸ்மெண்ட் அலுவலகம்தான், கம்பெனி வளாகத்துக்குள் நுழையும் முன்பே நோட்டீஸும் பாண்டும் சம்பளப் பிரிப்பும் அடங்கிய முழு வரைவை வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. கல்லூரி முதல்வர் கம்பெனிக்கு எழுதும் ஒரு கடிதம் போதும்.