உச்சத்திலும் கனம் குறையாத குரல்

மலேசியாவின் கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால், கே.பி.சுந்தராம்பாள் குரல் கேட்டே தீரும். 1908இல் கொடுமுடியில் பிறந்து, நாடகக் கொட்டகையில் வளர்ந்தவர். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். மேலே ஏற ஏற மற்றவர்களுக்குக் குரல் மெலியும், இவருக்கோ கனம் கூடும். அந்த உச்சத்திலும் ‘ழ’கரம் பிசிறில்லாமல் விழும்! எனக்கு அதுதான் தீராத வியப்பு.

1953இல் ஔவையார், 1973இல் காரைக்கால் அம்மையார் எனப் பழந்தமிழ்ப் பெண்புலவர்களாகவே திரையில் வாழ்ந்தார். அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் தேவாரத்துக்கும் முந்தியவை. நட்டபாடை, இந்தளம் பண்களில் அமைந்தவை. என்னிடம் தேவாரம் படிக்க வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் சுந்தராம்பாளைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன், சுருதி ஏறும்போது அவர் ஒரு சொல்லைக்கூட விழுங்குவதில்லை.