பசுமைக் குழுவும் மின்கட்டண ரசீதும்

தமிழ்நாட்டில், உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்றுக்கு விண்ணப்பித்த கல்லூரிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் பசுமைக் குழு ஒன்று இருக்கும். முதல்வர் தலைவர், தாவரவியல் பேராசிரியர் ஒருங்கிணைப்பாளர், துறைக்கு ஒருவர், என்.எஸ்.எஸ். அலுவலர், பேருக்கு இரண்டு மாணவர்கள். சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு, மரம் நட்ட படம் எல்லாம் கோப்பில் ஒழுங்காக இருக்கும். விடுதிக்கு வரும் தண்ணீர் லாரிக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்ற கணக்கை அந்தக் கோப்பில் தேடினால் கிடைப்பது அரிது.

இப்படி ஒரு குழு வேண்டும் என்ற எண்ணத்தில் குறை இல்லை. 1990-இல் பிரான்சின் தலுவார் ஊரில் பல நாட்டுப் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, சுற்றுச்சூழலைக் கற்பிக்கும் நிறுவனம் தன் வளாகத்திலும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். இங்கே அந்த எண்ணத்துக்கு உயிர் கொடுத்தது மதிப்பெண். நாக் 2017-இல் திருத்திய வரையறையில் ஏழாவது அளவுகோலுக்கு 1000-க்கு 100. சூரிய மின்சாரம், மழைநீர்ச் சேகரிப்பு, கழிவு மேலாண்மை, தணிக்கை எல்லாம் அதற்குள் வந்தன. இந்த நெருக்கடி இல்லாவிட்டால் பல கல்லூரிகள் தம் மின்செலவை ஒரு தடவைகூட அளந்திருக்காது. நாக்கைத் திட்டுகிறவர்கள் இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

மதிப்பெண் போடும் முறைதான் குழுவின் குணத்தைக் கெடுத்தது. வளாகப் பசுமைக்கு வாகனக் கட்டுப்பாடு, சைக்கிள், நடைபாதை, பிளாஸ்டிக் தடை, மரங்கள் என்று ஐந்து சொல்லி, நான்கு இருந்தாலே அந்த அம்சத்துக்கு முழு மதிப்பெண் என்றார்கள். ஆதாரம் என்ன? இடமும் நேரமும் பதிந்த ஜியோடேக் போட்டோ. போட்டோவில் விழுகிற காரியமெல்லாம் நடந்தது, விழாதது நடக்கவில்லை. மரக்கன்று நடுவது போட்டோவில் விழும். அது மூன்றாவது கோடையில் உயிரோடு இருக்கிறதா என்பது விழாது.

விழாததற்கு நல்ல உதாரணம் மின்கட்டணம். உயர் மின்னழுத்த இணைப்புள்ள வளாகத்தின் ரசீதில் யூனிட்டுக்கான தொகை ஒரு வரி, டிமாண்ட் சார்ஜ் இன்னொரு வரி. ஒப்பந்தம் போட்ட கே.வி.ஏ. அளவில் 90 விழுக்காடு, அந்த மாதம் பதிவான உச்ச அளவு, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். மே மாதம் விடுதி பூட்டிக் கிடந்தாலும் அந்த 90 விழுக்காடு ஓடும். பத்தாண்டுக்கு முன் யாரோ மிகையாக வாங்கி வைத்த லோடைக் குறைக்க ஒரு விண்ணப்பம் போட்டால் ஆண்டு முழுவதும் மிச்சம். பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் அதற்குத் தனி அபராதம். கெப்பாசிட்டர் பேனலைச் சரிபார்த்தால் அதுவும் நிற்கும். இதற்கெல்லாம் ரிப்பன் வெட்ட முடியாது. ரசீதைப் பார்க்கிறவர் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர், பணம் கட்டுகிறவர் பர்சார் அல்லது கணக்கு அலுவலர். இருவருமே பெரும்பாலும் குழுவில் இல்லை!

குழுவே வேண்டாம், ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் போதும் என்பாரும் உண்டு. அவர்களுக்குத் தாம்பரம் கைகொடுக்கும். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் அங்கே குடிபெயர்ந்தபோது, எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் தாவரங்கள் மீதிருந்த பித்தால் வளாகத்தின் பசுமைக்கு வித்திட்டார். இன்று சுமார் 365 ஏக்கரில் நிற்கிற அந்தப் புதர்க்காட்டுக்கு எந்தக் குழுவும் அடிக்கல் நாட்டவில்லை. ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் ஒரு பார்ன்ஸ் வாய்க்கமாட்டார். வாய்த்தாலும் அவர் ஓய்வு பெற்ற மறு வருஷம் உரக்குழி குப்பைமேடாவதைப் பல இடங்களில் பார்க்கலாம். ஆள் போனாலும் வேலை நிற்காமல் இருக்க ஓர் அமைப்பு வேண்டும். குழுவுக்குச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய நியாயம் இதுதான்.

அந்த நியாயத்தையும் அதிகாரமின்மை தின்றுவிடுகிறது. குழு பரிந்துரை செய்யும். டெண்டர் வேறு அறையில் முடிவாகும். மேற்கு வெயிலுக்கு நேராகக் கண்ணாடி முகப்பும், உள்ளே ஏ.சி. அரங்கமுமாக ஒரு கட்டடம் எழும்பிவிட்டால், பிறகு 'விளக்கை அணைக்கவும்' என்று ஸ்டிக்கர் ஒட்டி என்ன பயன்? அரசுக் கல்லூரியில் சிக்கல் இன்னொரு விதம். கட்டுவது பொதுப்பணித் துறை; மிச்சமாகும் பணம் மிச்சப்படுத்திய துறைக்குத் திரும்பி வராது. சுயநிதிக் கல்லூரியில் தாளாளர் மனம் வைத்தால் ஒரே வாரத்தில் நடக்கும், வைக்காவிட்டால் நடக்கவே நடக்காது. மிச்சம் திரும்பி வராத சிக்கலுக்கு ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஒரு வழி கண்டது. 1.2 கோடி டாலர் சுழல்நிதியிலிருந்து துறைகள் வட்டியில்லாக் கடன் வாங்கிச் சிக்கன வேலைகளைச் செய்யும். குறைந்த மின்செலவிலிருந்தே கடன் அடையும். அவ்வளவு பணம் நமக்கு வேண்டாம். மிச்சத்தில் ஒரு பங்கு குழுவின் கைக்கே திரும்பும் என்ற விதி இருந்தால் போதும்.

குழுவில் இடம் பெறாத இன்னொரு தரப்பும் உண்டு. ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிறுவனங்கள் குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும், மக்குவதை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லின. பிரிக்கிற கை ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருடையது. எந்த விடுதியில் எதைக் கலந்து கொட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்ட குழு அபூர்வம். மாணவர்களைப் பேரணிக்கு அழைக்கிறார்கள். மெஸ்ஸில் தட்டில் மிஞ்சும் சோற்றை ஒரு வாரம் எடை போடச் சொல்வதில்லை. மூன்றே வருஷம் இருக்கப்போகிறவர்களிடம் பதாகையைக் கொடுப்பதைவிடத் தராசைக் கொடுப்பது மேல்.

தணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரிசக்தித் தணிக்கையாளருக்கு 2001 எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் தேர்வும் சான்றும் உண்டு. நாக் காலத்தில் பெருகிய பசுமைத் தணிக்கைக்கு அப்படியொரு தகுதித் தேர்வு இருக்கவில்லை. மரத்தை எண்ணி, பறவைப் பெயர்களை அடுக்கி, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகலாம். குறை சொல்லும் தணிக்கையாளரை அடுத்த முறை யார் அழைப்பார்கள்?

என் தீர்ப்பு கடுமையானதுதான். பர்சாரும் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசரும் துப்புரவு மேற்பார்வையாளரும் இல்லாத, டெண்டருக்கு முன் 'இது வேண்டாம்' என்று எழுதி வைக்கும் உரிமையும் இல்லாத பசுமைக் குழு, ஒரு கோப்புத் தயாரிப்புக் குழு. ஆசிரியர்களின் நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் கல்லூரிக் குழுவில் நீங்கள் உறுப்பினர் என்றால், அடுத்த கூட்டத்தில் மரக்கன்றைப் பற்றிப் பேசுமுன் கடந்த பன்னிரண்டு மாத மின்ரசீதுகளையும் தண்ணீர் லாரிக் கணக்கையும் மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள்.