கடம்பூர் மாளிகைக்கு எப்படிப் போகணும்?

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகரைச் சேவித்துவிட்டு வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். சென்னை நம்பர் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய இளைஞர் கடைக்காரரிடம், ''அண்ணே, கடம்பூர் மாளிகைக்கு எப்படிப் போகணும்?'' என்றார்.

''எந்த மாளிகை, தம்பி?''

''சம்புவரையர் மாளிகை. 'பொன்னியின் செல்வன்'ல வருமே!''

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். ''மேலக்கடம்பூர்ல தேர் மாதிரி ஒரு கோயில் இருக்கு, ரொம்ப அழகா இருக்கும். மாளிகைன்னு ஒண்ணு நான் பார்த்ததில்லையே!''

இளைஞரின் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தப்பு அவர் மேல் இல்லை. 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்த நாவல். 2022, 2023-ல் இரண்டு பாக சினிமா. எழுபது வருஷமாக அந்த மாளிகையின் வேட்டை மண்டபமும் சுரங்கப்பாதையும் தமிழன் மனசில் தன் சொந்த வீட்டைவிடத் தெளிவாகப் பதிந்திருக்கின்றன. காட்டுமன்னார்கோயில் பக்கம் வந்தால் வீரநாராயண ஏரி நிஜமாகவே இருக்கிறது. அப்படியானால் மாளிகையும் இருக்கத்தானே வேண்டும்?

இங்கிலாந்தில் லீவு விட்டால் ஜனங்கள் கிராமப்புறத்துப் பிரபுக்களின் பழைய மாளிகைகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். டிக்கெட் வாங்கி, படுக்கையறை, சமையலறை, ரோஜாத் தோட்டம் எல்லாம் சுற்றி, கடைசியில் கேக்கும் டீயும். இதற்குப் பின்னால் 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அமைப்பு இருக்கிறது. 1895-ல் தொடங்கியது. நமக்கு அப்படி ஒன்று இல்லாத குறையைக் கல்கி தனியாளாகத் தீர்த்துவைத்தார். நாவல் நம்மை ஊர் ஊராகக் கிளப்பிவிடுகிறது, அது பெரிய காரியம். ஆனால், போன இடத்தில் நிஜத்தில் இருப்பதைப் பார்க்கத் தெரியாத கண்ணையும் சேர்த்தே கொடுத்து அனுப்புகிறது. என் புகார் அதுதான்.

அந்தப் பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

கொலையில் ஆரம்பிக்கலாம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீஸ்வரம் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களும் அவர்களிடமிருந்து பறித்த சொத்தின் விவரமும் அதில் வருகின்றன. நிலம் மட்டுமல்ல, வீட்டு மனைகளும் உண்டு. மனை கல்லில் எழுத்தாக நிற்கிறது. அதன் மேல் இருந்த வீடு என்ன ஆச்சு?

அடுத்து, நிஜ அரண்மனை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பார்க்க வருகிற பஸ்கள், பக்கத்திலேயே இருக்கும் மாளிகைமேட்டுக்குப் பெரும்பாலும் போவதில்லை. ராஜேந்திர சோழனின் அரண்மனை நின்ற இடம் அது. 1980-களில் தோண்டினார்கள், 2021-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். கிடைத்தது செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் சில்லுகள். கங்கை வரை படை அனுப்பிய, கடல் கடந்து கடாரம் வென்ற சக்கரவர்த்தி செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் ஓடும் கொண்ட வீட்டில்தான் இருந்திருக்கிறான். கல்லெல்லாம் கடவுளுக்கு.

இதை நம் சினிமா செட்டுகள் சொல்வதே இல்லை. அங்கே ராஜா கண்டிப்பாகக் கருங்கல் தூணுக்கு நடுவில்தான் நடப்பார். அதாவது கோயிலில் குடியிருப்பார்! அந்தப் பிரமையோடு மாளிகைமேட்டுக்குப் போகிறவருக்கு, முழங்கால் உயரச் சுவர்களைப் பார்த்ததும் ''இவ்வளவுதானா?'' என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. நியாயமாக நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மிச்சம் எங்கே போயிற்று?

செங்கல்லுக்கும் மரத்துக்கும் எப்போதும் கிராக்கி உண்டு. ஆளில்லாத வீட்டை அக்கம்பக்கத்து ஊர்களே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஏன், கோயிலே தப்பவில்லை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் கீழணைத் தண்ணீர்தான் வீராணத்துக்கு வருகிறது. அங்கிருந்து சென்னைக்கும் குழாயில் போகிறது. நாம் குடிக்கிற தண்ணீரில் ராஜேந்திரனின் மதிலுக்கும் பங்கு இருக்கிறது.

ஸ்ரீமுஷ்ணம் பிழைத்த ரகசியம் இப்போது புரியும். நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களின் நுணுக்கம் ஒரு காரணம்தான். பெரிய காரணம், அந்த இடம் ஒரு நாள்கூட சும்மா இருந்ததில்லை. தினமும் விளக்கேற்ற ஆள், தளிகைக்கு ஆள், தேரிழுக்க ஆள். மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக் கடற்கரை வரை போகிறார். வழியில் முஸ்லிம்கள் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். புழங்குகிற கட்டடம் சாவதில்லை.

மனிதர்கள் வாழ்ந்த வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உடையார்பாளையம் ஜமீனை எடுத்துக்கொள்ளுங்கள். கனம் கிருஷ்ணையர் சமஸ்தான வித்வானாக இருந்து பாடிய இடம். உ.வே.சா-வின் தகப்பனார் அவரிடம்தான் சங்கீதம் கற்றார். 1948 சட்டம் ஜமீன்தாரி முறையை ஒழித்தது. ரொம்பச் சரி. குடியானவர்களின் உழைப்பில் எழுந்த மாளிகைகளுக்காக யாரும் கண்ணீர்விட வேண்டியதில்லை. ஆனால், வரி வாங்கும் உரிமையை ஒழித்தபோது வாசற்கதவையும் உத்தரத்தையும் கவனிக்க யார் என்று யோசிக்க மறந்துவிட்டோம். அரண்மனை சிதிலமாகிக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். வரி கட்ட முடியாத பிரபுக்கள் மாளிகைகளை இடித்துத் தள்ளினார்கள். 1937-ல் ஒரு சட்டம் வந்தபிறகு வீட்டை டிரஸ்டிடம் ஒப்படைக்க வழி பிறந்தது. 1974-ல் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். காணாமல்போன மாளிகைகளின் போட்டோக்கள், வரிசையாக. அதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு உறைத்தது.

நமக்குக் கண்காட்சி வைக்கவாவது போட்டோ இருக்கிறதா? என் தாத்தா வீடு இரண்டு கட்டு. திண்ணை, ரேழி, முற்றம், கிணற்றடியில் பவழமல்லி. அரண்மனை இல்லை, சாதாரண வீடு. பாகம் பிரித்து விற்றோம். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். முற்றத்தின் ஒரு போட்டோகூட எங்கள் யாரிடமும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் அரைத்தூண் ஒன்று தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்த இளைஞருக்கு மாளிகைமேட்டுக்கு வழி சொன்னேன். ''அங்கே என்ன சார் இருக்கு?'' என்றார்.

''ராஜேந்திர சோழன் வீடு. கூரையை நீங்கதான் கொண்டு போகணும்'' என்றேன்.

சிரித்தார். போனாரா, தெரியாது. ''சொந்த ஊர் எது?'' என்று கேட்டதற்குப் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம் சொன்னார். பாட்டி வீடு இன்னும் இருக்கிறதாம், பூட்டிக் கிடக்கிறதாம். திரும்பும் வழியில் அங்கே இறங்கி நாலு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முற்றத்தை முதலில்.