பத்திரிகைத் தமிழில் ‘ஏகமும்’ ‘தனித்துவமும்’

எங்கட பத்திரிகைகளில் தேய்ந்துபோன சொல் எது என்று கேட்டால் ‘தனித்துவம்’ என்பேன். ஒடியற்கூழும் தனித்துவமானது, கட்சியின் கொள்கையும் தனித்துவமானது, நேற்று வெளியான கவிதைத் தொகுதியும் தனித்துவமானது. எல்லாவற்றுக்கும் ஒட்டுகிற சொல் எதைப் பற்றியும் ஒண்டும் சொல்லாது. வெறும் நடைக்குறை என்றால் விட்டுவிடலாம். ஆனால் செய்தியாளர்கள் இதை ‘ஏகம்’ என்ற சொல்லோடு குழப்புகிறார்கள். அதுதான் ஆபத்து.

தனித்துவம் என்பது பலர் நடுவில் ஒருவருக்கு உள்ள தன்மை. பக்கத்தில் மற்றவர் இருந்தால்தான் அதற்குப் பொருள். ஏகமோ மற்றவரை விலக்கும்.

2004 பொதுத்தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் விஞ்ஞாபனம் விடுதலைப் புலிகளைத் தமிழ் மக்களின் ஏகப் பிரதிநிதிகளாக ஏற்றது. அது ஒரு தரப்பின் நிலைப்பாடு. செய்தியில் மேற்கோள் குறி இல்லாமல் அந்தத் தொடர் புழங்கியபோது, நிலைப்பாடு நடந்த உண்மைபோல ஆகிப்போனது. எழுதியவர்களின் தலைக்கு மேலே துவக்கு இருந்ததையும் மறக்கக்கூடாது. ஆனால் ‘ஏகம்’ நிலத்தில் இறங்கினால் எப்படியிருக்கும் என்று எங்கட சனம் அதற்கு முன்பே, 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாணத்தில் கண்டுவிட்டது. வெளியேற எங்களுக்குத் தந்தது இரண்டு மணித்தியாலம்.

2021 ஒக்டோபரில் ஞானசார தேரர் தலைமையில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணி வந்தது. முதலில் அதில் தமிழர் ஒருவரும் இல்லை. ‘ஒரே’ என்ற சொல் யாரை வெளியே தள்ளுகிறது என்பது அப்போது தமிழ்ப் பத்திரிகைகளுக்கு உடனே விளங்கியது. அதே கூர்மை உள்ளூர் ‘ஏக’த்தின் மேலும் விழ வேண்டும் என்பதே என் வாதம்.

பண்பாட்டுப் பக்கத்திலும் இதே கதைதான். உரும்பிராய் என்றால் 1974 ஜூன் 5 இல் உயிர்விட்ட பொன். சிவகுமாரனின் ஊர் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அது உண்மை. ஆனால் செம்மண் தோட்டத்தில் விடிய எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணி மாறுகிறவனுக்கும் அதுதான் ஊர்.

எங்கட பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதை மறுத்து நூலே எழுதினார். அவர் முடிவை ஏற்காதவரும் அவரோடு வாதாடலாம். ஏனென்றால் அங்கே வாதம் இருந்தது. இண்டைக்கு ‘முஸ்லிம் தனித்துவம்’ என்ற தலைப்பு மட்டும் இருக்கிறது, கீழே வாதத்தைக் காணோம். யாழ்ப்பாணத்து அசனாலெவ்வைப் புலவர் நவரத்தினத் திருப்புகழ் பாடினார். திருப்புகழ் என்றதும் நினைவுக்கு வருபவர் முருகனைப் பாடிய அருணகிரிநாதர். பொது வடிவத்துக்குள் நின்றே தன் மார்க்கத்தைப் பாடிய புலவரின் தனித்துவத்துக்கு மதில் தேவைப்படவில்லை.

ஏகன் அல்லாஹ் ஒருவனே, படைப்பெல்லாம் பன்மை. மார்க்கம் தந்த இந்த அளவுகோல் செய்தி எழுதவும் உதவும். ‘ஏக’, ‘ஒரே’ என்று யாராவது சொன்னால், சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கோ. ‘தனித்துவம்’ என்று எழுத முன், எதில், யாரிலிருந்து என்று கேளுங்கோ. பதில் இல்லையென்றால் அந்தச் சொல்லை வெட்டிவிடலாம்.